நீர்மூழ்கி சத்தமிடும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சத்தமிடுகிறது என்று ஒலி அளவைத் தளத்திலிருந்து அறிக்கை வந்தால், இயந்திர அறைக்குப் போய் அதிகம் இரைகிற இயந்திரத்தைத் தேடுவதுதான் பெரும்பாலும் முதலில் நடக்கும் தவறு. கப்பலுக்குள் காதைப் பிளக்கும் இயந்திரம் கடலுக்குள் கேட்காமலே இருக்கலாம். பக்கத்தில் நின்றாலும் கவனத்துக்கு வராத சிறிய பம்பு ஒன்று, பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சோனார் (நீருக்குள் ஒலியைக் கேட்டு இலக்கைக் கண்டறியும் கருவி) திரையில் அழுத்தமான கோடாக விழலாம். ஒலி எங்கே பிறக்கிறது என்பதைவிட, எந்த வழியாகக் கடலுக்குள் இறங்குகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

எவ்வளவு சிறிய ஆற்றலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீருக்குள் ஒரு வாட் ஒலி ஆற்றல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவினால், 1 மீட்டர் தொலைவில் அது நீரொலிக் கணக்கில் ஏறத்தாழ 171 டெசிபல் காட்டும். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோவாட், 111 டெசிபல். (காற்றில் சொல்லும் டெசிபலோடு இதை ஒப்பிடக் கூடாது, இரண்டின் அடிப்படை அளவும் வேறு.) ஒலி கோளமாக விரியும் தொலைவுகளில் 6 டெசிபல் குறைத்தால் எதிரிக்குக் கேட்கும் தூரம் பாதியாகும், 20 டெசிபல் குறைத்தால் பத்தில் ஒன்றாகும். ஒரு போல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் மெனக்கெடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

எந்த ஒலிக்கும் முதல் மூன்று சோதனைகள்

கேட்கிற ஒலியை மூன்று விதமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் அது மாறுகிறதா? வேகத்தை அப்படியே வைத்து ஆழத்தை மட்டும் மாற்றினால் மாறுகிறதா? கப்பலை நிறுத்திவிட்டு இயந்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்தால் எதோடு சேர்ந்து அடங்குகிறது? வேகத்தோடு மாறுவது புரொப்பெல்லர், அதைச் சுழற்றும் தண்டு, நீரோட்டம் ஆகியவற்றைச் சேர்ந்தது. ஆழத்தோடு மாறுவது பெரும்பாலும் நீராவிக் குமிழியையோ கூட்டின் சுருக்கத்தையோ சேர்ந்தது. இரண்டுக்கும் அசையாதது துணை இயந்திரங்களைச் சேர்ந்தது. மூன்றாவது சோதனைக்காகவே அலாஸ்காவின் கெட்சிகன் நகருக்கு அருகில் அமெரிக்கக் கடற்படை ஒரு தளம் வைத்திருக்கிறது; அங்கே நீர்மூழ்கியைக் கம்பிவடங்களில் தொங்கவிட்டு நீருக்குள் அசையாமல் நிறுத்தி, உள்ளே ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டியும் அணைத்தும் சுற்றிலுமுள்ள ஹைட்ரோஃபோன்களில் (நீருக்குள் கேட்கும் ஒலிவாங்கிகளில்) பதிவு செய்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் அசையாத ஒலி ஒன்று உண்டு. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் எந்நேரமும் படபடக்கும். வேகத்துக்கும் மாறாது, ஆழத்துக்கும் மாறாது, எல்லா இயந்திரங்களையும் அணைத்தாலும் நிற்காது. வெப்பமண்டலக் கடல்களில், கரையோரத்து ஆழங்குறைந்த நீரில் இது கேட்டால் கப்பலைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கொடுக்கைச் சொடுக்கும் இறால் கூட்டம் செய்கிற சத்தம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோனார் கேட்டவர்களை இது நன்றாகவே குழப்பியது. கொடுக்கு மூடும் வேகத்தில் உண்டாகும் நீராவிக் குமிழி உடைவதே அந்த வெடிப்பு என்பதால், புரொப்பெல்லர் குமிழிகளின் ஒலியோடு அது ஒத்திருப்பதில் வியப்பில்லை.

அறிகுறி: கப்பலின் வேகம் மாறினாலும் இடம் மாறாமல் நிற்கும் ஒலிக்கோடு

சோனார் பதிவில் ஒரே அதிர்வெண்ணில் நிலையாக நிற்கும் மெல்லிய கோடு, பரந்த இரைச்சலைவிட ஆபத்தானது. இரைச்சல் கடலின் சொந்த இரைச்சலில் கரைந்துவிடும்; கோடு கரையாது, ஏனென்றால் கேட்பவர் நிமிடக்கணக்கில் அதைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போகலாம். 1950களில் அமெரிக்கா கடலடியில் பதிக்கத் தொடங்கிய சோசஸ் ஹைட்ரோஃபோன் வரிசைகள் இந்த உத்தியில்தான் நின்றன.

கோட்டின் அதிர்வெண்ணைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) மின்சாரத்தில் ஓடும் மின்மாற்றி 100 ஹெர்ட்ஸில் முனகும், அதன் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை இழுபட்டுத் தளர்வதால். அமெரிக்கக் கப்பல்கள் 60 ஹெர்ட்ஸ், சோவியத் கப்பல்கள் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேட்பவருக்கு இந்த முனகல் ஒன்றே தேசியக் கொடிபோல் ஆகிவிடும். நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும் பம்பு 25 ஹெர்ட்ஸில் கோடு போடும். உள்ளே 6 தகடுகள் இருந்தால் 150 ஹெர்ட்ஸில் இன்னொன்று. 25 ஹெர்ட்ஸ் கோடு மட்டும் தடித்திருந்தால் சுழலும் பாகத்தின் எடைச் சமநிலை கெட்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் கோடும் சேர்ந்து தடித்தால் மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். 25, 50, 75, 100 என்று சீப்பின் பற்களைப்போல் வரிசையாக எழுந்தால் எங்கோ பிடிமானம் தளர்ந்திருக்கிறது.

ஆனால் இதைப் படித்தவுடன் பம்பைக் கழற்ற ஓடக் கூடாது. நீர்மூழ்கியின் இயந்திரங்கள், கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உட்கூடான அழுத்தக் கூட்டின்மேல் நேராக உட்காருவதில்லை. அதிர்வை விழுங்கும் தாங்கிகளான ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்காருகின்றன. பெரிய இயந்திரங்கள் ஒரு பொதுவான மேடையில் சேர்த்துப் பொருத்தப்பட்டு, அந்த மேடையும் இன்னொரு வரிசை மவுண்டுகளின்மேல் நிற்கும். அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கி 1961இலும் பிரிட்டனின் வேலியன்ட் 1966இலும் இந்த மிதக்கும் மேடையோடு பணிக்கு வந்தன. அமைதியில் ஏற்பட்ட பெரிய பாய்ச்சலுக்கு அது முக்கியமான காரணம். எனவே ஒவ்வொரு மவுண்டுக்கும் மேலே ஓர் அதிர்வுமானியும் கீழே ஓர் அதிர்வுமானியும் வைத்து, கப்பல் புதிதாக இருந்தபோது எடுத்த பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். மேலும் கீழும் ஒரே அளவில் கூடியிருந்தால் குற்றம் இயந்திரத்தில். மேலே பழைய அளவே இருக்க, கீழே மட்டும் கூடியிருந்தால் இயந்திரம் நிரபராதி. ரப்பரைச் சுற்றிக்கொண்டு அதிர்வு செல்லும் குறுக்குவழி ஒன்று முளைத்திருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் ஓடும் தண்ணீர் மோட்டார் அதன் அருகில் நிற்பவருக்கு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மூன்றாம் மாடிக் குளியலறையில் சுவரே உறுமும். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தும் பயன் இருக்காது, ஏனென்றால் சுவரோடு இறுக்கி அடித்த குழாய் வழியே அதிர்வு ஏறிவிடுகிறது.

நீர்மூழ்கியில் இந்தக் குறுக்குவழி எத்தனை அற்பமான பொருளாக இருக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். டார்ச் விளக்கோடு குப்புறப் படுத்து, மேடைக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே உள்ள விரலளவு இடைவெளி முழுவதையும் கண்ணால் பின்தொடர வேண்டும். வெல்டிங் செய்தபோது தெறித்து விழுந்த இரும்புத் துணுக்கு ஒன்று இடையில் சிக்கியிருக்கும். பராமரிப்பின்போது யாரோ வைத்துவிட்டு மறந்த ஸ்பேனர் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும். புதிதாக இழுத்த மின்கேபிள், தொய்வே இல்லாமல் விறைப்பாகக் கிளாம்பில் மாட்டப்பட்டிருக்கும். நெகிழும் ஹோஸ் வளைய வேண்டிய இடத்தில், அது ஆடக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு யாரோ ஒரு தாங்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது பெயின்ட். அழகாக இருக்கட்டும் என்று இயந்திரத்தோடு சேர்த்து ரப்பர் மவுண்டுக்கும் இரண்டு பூச்சுப் பூசிவிடுகிறார்கள். வருடா வருடம் பூச்சு தடித்து, காய்ந்த ஓடாகி, ரப்பர் நெகிழ வேண்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெய்க் கசிவும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மவுண்டுகளின்மேல் பெயின்ட் படக் கூடாது என்ற எச்சரிக்கையை அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்டுவதும், மவுண்டின் உயரத்தை அளந்து பதிந்துவைப்பதும் எந்த விலையுயர்ந்த கருவியைவிடவும் பயன் தருபவை என்பது என் கருத்து. ரப்பர் காலப்போக்கில் அமுங்கி உயரம் குறைந்தால், மேடை அதன் தடுப்புக் கட்டைகளின்மேல் உட்கார்ந்துவிடும், அதுவும் குறுக்குவழிதான்.

வழியெல்லாம் சரியாக இருந்தும் கோடு நிற்கிறது என்றால், ஒலியின் ஊற்றையே எடுத்துவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். அணு உலையின் குளிர்விப்பான் பம்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1969இல் பணிக்கு வந்த அமெரிக்காவின் நார்வால், சூடான நீர் மேலே எழுந்து குளிர்ந்தது கீழே இறங்கும் இயற்கைச் சுற்றோட்டத்தாலேயே உலையின் வெப்பத்தை எடுத்துச்செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் ஆற்றல் வரம்பின் பெரும்பகுதியில் அந்தப் பம்புகளுக்கு வேலையே இல்லை. கியர்களை நீக்கும் முயற்சி அவ்வளவு நன்றாக முடியவில்லை. 40 பற்கள் கொண்ட சிறு பற்சக்கரம் நொடிக்கு 50 முறை சுற்றினால் 2,000 ஹெர்ட்ஸில் கீச்சிடும் என்பதால், கியருக்குப் பதில் மின்மோட்டார் வைத்த டல்லிபீ 1960இலும், கிளெனார்ட் லிப்ஸ்கோம்ப் 1974இலும் வந்தன. அமைதி கிடைத்தது, எடையும் கூடியது, வேகமும் குறைந்தது. அமெரிக்கா அந்த வழியை அப்போது தொடரவில்லை. பிரான்ஸ் தன் ரூபி வகைக் கப்பல்களில் அதையே விரும்பி ஏற்றது.

அறிகுறி: தண்டின் சுற்றோடு சேர்ந்து நகரும் கோடு

நிமிடத்துக்கு 120 சுற்று, 7 இறக்கை என்று வைத்துக்கொண்டால், தண்டின் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், இறக்கையின் அதிர்வெண் 14 ஹெர்ட்ஸ். கப்பலின் உடலும் சுக்கான் தகடுகளும் தங்களுக்குப் பின்னால் மெதுவான நீர்த் தடங்களை விட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு இறக்கையும் அவற்றைக் கடக்கும்போது ஓர் உதை வாங்குகிறது. 14 ஹெர்ட்ஸ் கோடு தடித்திருந்தால் இந்த உதை கூடியிருக்கிறது, அதாவது புரொப்பெல்லருக்கு முன்னால் நீரோட்டம் கலைந்திருக்கிறது: கழன்ற மூடி, வளைந்த தகடு, சிப்பி படிந்த சுக்கான் ஆகியவற்றைத் தேட வேண்டும். 2 ஹெர்ட்ஸ் மட்டும் எழுந்தால் ஏழு இறக்கைகளில் ஒன்று மற்றவற்றைப்போல் இல்லை. விளிம்பு அடிபட்டிருக்கலாம், மீன்வலையோ கயிறோ சிக்கியிருக்கலாம். முக்குளிப்பவரை இறக்கிப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

இறக்கைகளின் எண்ணிக்கை சுக்கான் தகடுகளின் எண்ணிக்கையோடு பொருந்திவிடக் கூடாது. நான்கு தகடுகளுக்கு நான்கு இறக்கை வைத்தால் நான்கும் ஒரே கணத்தில் உதை வாங்கும். ஏழு வைத்தால் உதைகள் பிரிந்து விழும். ஒற்றைப்படை எண்ணிக்கையும், அரிவாள்போல் பின்வளைந்த இறக்கை வடிவமும் இதற்காகவே.

வேகத்தைக் கூட்டும்போது ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும், வயலின் நரம்பைப்போல் தூய ஒற்றைச் சுரம் ஒன்று எழுந்து, இன்னும் கூட்டினால் மறைந்துவிடுகிறதா? புரொப்பெல்லர் பாடுகிறது. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து மாறி மாறிக் கழலும் சுழிகளின் வேகம், இறக்கையின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒன்றும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பின்விளிம்பை ஒரு பக்கமாகச் சரித்துச் செதுக்கினால் சுழிகளின் ஒழுங்கு கலைந்து பாட்டு நின்றுவிடும். கப்பல்துறையின் பழைய வைத்தியம் இது, பெரும்பாலும் பலிக்கிறது.

அறிகுறி: ஒரு வேகத்தைத் தாண்டியதும் திடீரென எழும் சீறல்

உலையில் வைத்த தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன் பாத்திரம் 'உஸ்' என்று இரையும். அடியில் பிறந்த நீராவிக் குமிழிகள் மேலே வருமுன் குளிர்ந்த நீரில் நசுங்கி உடைகிற சத்தம் அது. புரொப்பெல்லரில் நடப்பதும் இதுவே, வெப்பத்துக்குப் பதில் அழுத்தக் குறைவு. இறக்கையின் முனையிலும் உறிஞ்சு பக்கத்திலும் அழுத்தம் நீரின் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போகும்போது, கடல்நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழியாகிறது; அழுத்தம் மீண்ட இடத்தில் குமிழி நசுங்குகிறது. அதன் சீறல் எல்லா அதிர்வெண்களிலும் பரவும். அந்தச் சீறல் தண்டின் சுற்றுக்கும் இறக்கையின் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஏறி இறங்குவதால், கேட்பவர் இறக்கைகளை எண்ணி, சுற்றுக்களைக் கணக்கிட்டு, வேகத்தையே ஊகித்துவிடுவார்.

சோதனை எளிது. வேகத்தை மாற்றாமல் ஆழமாக இறங்க வேண்டும். சீறல் மறைந்தால் அது கேவிடேஷன், அதாவது மேலே சொன்ன குமிழி உடைவு. மறையாவிட்டால் வேறு எதையோ தேட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் சுமார் 2 வளிமண்டலம், 100 மீட்டரில் சுமார் 11. குமிழி தோன்றும் வேகம் தோராயமாக அழுத்தத்தின் இருபடி மூலத்தோடு ஏறும். எனவே 10 மீட்டரில் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் சீறத் தொடங்கும் புரொப்பெல்லர், 100 மீட்டரில் ஏறத்தாழ 14 நாட்டு வரை அமைதி காக்கும். இது முதல் கணக்குக்கு மட்டுமே. முனைச் சுழியில் குமிழி எப்போது தோன்றும் என்பது இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு ஆழத்துக்கும் கப்பல் எந்த வேகம் வரை போகலாம் என்ற வரைபடம் ஓட்டுபவர் முன்னால் இருப்பது இதனால்தான்.

பழைய பதிவில் 14 நாட்டில் தொடங்கிய சீறல் இப்போது 11 நாட்டிலேயே தொடங்குகிறது என்றால், இறக்கையின் முன்விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சிறிய பள்ளமோ, ஒட்டிய சிப்பியோ போதும். குமிழிகளே உலோகத்தைத் தின்று குழியாக்கி, குழிகள் இன்னும் அதிகக் குமிழிகளை உண்டாக்கும். வேகத்தை மெதுவாகக் கூட்டினால் இல்லாத சீறல், சட்டென்று கூட்டினால் வருகிறது என்றால் புரொப்பெல்லரில் குறை இல்லை. கப்பல் வேகம் பிடிக்குமுன் தண்டை முடுக்கியதுதான் காரணம். இயக்குபவரின் கையைத் திருத்த வேண்டும்.

புரொப்பெல்லரின் வடிவத் துல்லியம் இங்கே அரசியலாகவும் ஆனது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானின் தொஷிபா மெஷின் நிறுவனம் பல அச்சுகளில் இயங்கும் பெரிய அரைவை இயந்திரங்களையும், நார்வேயின் காங்ஸ்பெர்க் அவற்றுக்கான கணினிக் கட்டுப்பாட்டையும் மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையை மீறிச் சோவியத் யூனியனுக்கு விற்றது 1987இல் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. சோவியத் கப்பல்கள் அமைதியானதற்கு அந்த இயந்திரங்களே காரணம் என்று அன்று பலரும் பேசினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த இயந்திரங்கள் போய்ச் சேரும் முன்பே, 1970களின் இறுதியில் வந்த விக்டர்-3 வகைக் கப்பல்கள் தெளிவாக அமைதியாகியிருந்தன. தங்கள் கப்பல்கள் எவ்வளவு எளிதாகக் கேட்கின்றன என்பதை, 1967 முதல் 1985 வரை அமெரிக்கக் கடற்படை ரகசியங்களை விற்ற ஜான் வாக்கர் வழியாக மாஸ்கோ அறிந்துகொண்டது அதைவிடப் பெரிய காரணமாக இருக்கக்கூடும். நோய் இருப்பதே தெரியாதவருக்கு மருந்து எதற்கு?

புரொப்பெல்லரைக் குழல் ஒன்றுக்குள் அடக்கிய பம்ப்ஜெட், குமிழி தோன்றும் வேகத்தைத் தள்ளிப்போடுகிறது. பிரிட்டன் அதைச் சர்ச்சில் கப்பலில் சோதித்துப் பிறகு டிரஃபால்கர் வகையில் பரவலாக்கியது. விலையாக எடையையும் பராமரிப்புச் சிக்கலையும் ஏற்க வேண்டும்.

அறிகுறி: மிக மெதுவாகப் போகும்போது பின்புறத்தில் கீச்சொலி

இது பலருக்கும் புதிராக இருக்கும். வேகம் குறைந்தால் சத்தம் குறையத்தானே வேண்டும்? தண்டு கப்பலை விட்டு வெளியேறும் இடத்தில் உள்ள பேரிங்குகள் கடல்நீரையே மசகாகக் கொண்ட ரப்பர் பட்டைகள். தண்டு போதிய வேகத்தில் சுற்றும்போது நடுவே நீர்ப்படலம் உருவாகி அதைத் தூக்கிப் பிடிக்கும். மிக மெதுவாகச் சுற்றும்போது படலம் கிழிந்து, ரப்பர் தண்டைப் பிடித்து விடுவதும் மீண்டும் பிடிப்பதுமாகக் கீச்சிடும், ஈரக்கையால் பலூனைத் தேய்ப்பதுபோல. பதுங்கிச் செல்லும்போதுதான் இது காட்டிக்கொடுக்கும் என்பது கொடுமை. கீச்சிடும் சுற்று வேகத்தைக் குறித்துக்கொண்டு அதைத் தவிர்ப்பது உடனடித் தீர்வு. பட்டைகளின் தேய்மானத்தையும், மணல் சேர்ந்திருக்கிறதா என்பதையும், தண்டின் நேர்கோட்டையும் அடுத்த முறை உலர்துறைக்கு வரும்போது பார்க்க வேண்டும்.

அறிகுறி: வெளிப்பரப்பில் விசில், படபடப்பு, நடுக்கம்

விசிலுக்குக் காரணம் பெரும்பாலும் துளைகள். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலிதான், வெளிக்கூட்டின் நீர்புகு துளைகளைக் கடல்நீர் உரசிச் செல்லும்போதும் எழுகிறது. துளைகள் அதிகமான இரட்டைக் கூட்டுச் சோவியத் கப்பல்களுக்கு இது பழைய பகை. மூடிகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்ப்பதே வேலை. உயர்த்திய பெரிஸ்கோப் நடுங்கினால் அதன் பின்னால் கழலும் சுழிகள் காரணம்: 20 சென்டிமீட்டர் குழாய், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 4 முறை உதைபடும். வேகத்தைக் குறைத்தால் போதும்.

படபடப்பு வேறு கதை. ஜெர்மனி இரண்டாம் உலகப் போரில் யு-480 கப்பலுக்கு 4 மில்லிமீட்டர் தடிமனில், உள்ளே பல அளவுத் துளைகள் கொண்ட செயற்கை ரப்பர்ப் போர்வை ஒட்டியது; எதிரியின் சோனார் அலையை விழுங்குவதற்கு. முந்தைய சோதனைகளிலேயே தொல்லை தெரிந்துவிட்டது: பசை விட்டுக்கொடுத்தது. பிய்ந்து தொங்கும் ரப்பர் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு, ஒளித்துவைக்க வந்த போர்வையே கப்பலைக் காட்டிக்கொடுக்கும் சத்தமாகிவிடும். இன்றைய தடித்த ரப்பர் ஓடுகளுக்கும் இதே நோய் உண்டு. ஓடு உதிர்ந்த இடத்தின் ஓரம் நீரோட்டத்தைக் கலைக்கும். நீரோட்ட இரைச்சல், வேகம் இரட்டித்தால் 15 முதல் 18 டெசிபல் வரை ஏறக்கூடியது என்பதால், மெதுவாகப் போகையில் தெரியாத குறை வேகமெடுக்கும்போது பெரிதாகும். சுரண்டிச் சுத்தம் செய்து, உலர்ந்த பரப்பில் மீண்டும் ஒட்டுவதைத் தவிர வழியில்லை. ஈரத்தின்மேல் அவசரமாக ஒட்டியது அடுத்த பயணத்திலேயே பிய்ந்துவிடும்.

அறிகுறி: ஒழுங்கில்லாமல் எப்போதாவது 'டொக்'

ஆழம் மாறும்போது மட்டும் வந்தால் கூடு அழுத்தத்தில் சுருங்குவதும் விரிவதும் காரணம். உட்சட்டங்கள் கூட்டோடு உரசும் இடத்தில் தேட வேண்டும், ஆழத்தை மெதுவாக மாற்ற வேண்டும். சுக்கான் அசையும்போது மட்டும் வந்தால் ஹைட்ராலிக் வால்வு சட்டென்று மூடுகிறது, அல்லது எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. கப்பல் சாயும்போது மட்டும் வந்தால் ஏதோ ஒன்று கட்டப்படாமல் உருள்கிறது. இதற்காகவே துறைமுகத்தை விட்டதும் கப்பலை வேண்டுமென்றே நன்றாக மேலும் கீழும் சாய்த்துப் பார்க்கும் வழக்கம் அமெரிக்க நீர்மூழ்கிகளில் உண்டு. சமையலறைக் கரண்டி முதல் கருவிப் பெட்டி வரை விழ வேண்டியதெல்லாம் அப்போதே விழுந்துவிடட்டும் என்பது கணக்கு. எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் வரும் 'டொக்' பெரும்பாலும் மனிதர். கதவை அறைந்து சாத்துபவரை அதிர்வுமானி வைத்துத் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: டார்பிடோ வேகமெடுத்ததும் இலக்கைத் தவறவிடுகிறது

டார்பிடோவில் சிக்கல் தலைகீழாகிறது. அது வெளியே எவ்வளவு கேட்கிறது என்பதைவிட, தன் சத்தத்தில் தானே செவிடாகிறதா என்பது முக்கியம். தானே ஒலியைத் தேடிச்செல்லும் முதல் ஆயுதங்களைச் செய்தவர்கள் இதை வேகத்தைக் கொடுத்து வாங்கினார்கள். 1943 மே மாதம் முதல் வெற்றி கண்ட அமெரிக்காவின் மார்க் 24, வெறும் 12 நாட்டு வேகத்தில் நீந்தியது. உடலைச் சுற்றி நான்கு ஹைட்ரோஃபோன்கள், இலக்கு இருக்கும் பக்கத்தில் ஒலி கூடும், மறுபக்கத்தில் உடலின் நிழல் விழும். மூழ்கிய நீர்மூழ்கியைப் பிடிக்க அந்த வேகம் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி பரவலாக இறக்கிய டி-5, ஏறத்தாழ 24 நாட்டில் ஓடியது. சாதாரண மின்டார்பிடோவைவிட அது மெதுவானதற்குக் காரணம் காதுதான்.

எனவே சோதனையும் காதிலிருந்தே தொடங்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, டார்பிடோ உந்துவிசையின்றிச் சறுக்கும் சில நொடிகளில் பதிவான ஒலியையும் ஓடும்போது பதிவானதையும் ஒப்பிட வேண்டும். சறுக்கும்போதும் இரைச்சல் இருந்தால் மூக்கில் குறை: சிராய்ப்பு, சரியாகப் பொருந்தாத வளைய விளிம்பு, பூச்சுத் தடிப்பு. மூக்கின்மேல் நீர் வழவழப்பாக வழியும் வரைதான் உள்ளிருக்கும் ஹைட்ரோஃபோனுக்கு அமைதி. சறுக்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால், இயந்திர அதிர்வு ஓட்டின் வழியாக மூக்குக்கு வருகிறது. இயந்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர்களை, நீர்மூழ்கியில் செய்த அதே முறையில், மேலும் கீழும் அளந்து பார்க்க வேண்டும். ஆழங்குறைந்த ஓட்டத்தில் மட்டும் இரைச்சல் என்றால் குமிழி. மார்க் 48, ஸ்பியர்ஃபிஷ் போன்ற வேகமான டார்பிடோக்கள் பம்ப்ஜெட்டை நாடியது அதனால்தான். எரிபொருளில் ஓடும் டார்பிடோவுக்கு ஆழம் வேறொரு தொல்லையையும் தரும். வெளியேறும் புகை கடலின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளப்பட வேண்டும். மின்கலத்தில் ஓடுவதற்கு அந்தக் கவலை இல்லை.

சோவியத் யூனியனின் ஷ்க்வால் டார்பிடோ இந்தச் சண்டையையே கைவிட்டது. மூக்கிலிருந்து எழுப்பிய வாயுக் குமிழிக்குள் தன்னை முழுக்கப் போர்த்திக்கொண்டு ஏறத்தாழ 200 நாட்டில் ராக்கெட்டாகப் பாய்கிறது. கடல் முழுக்கக் கேட்கும், அதற்கு எதுவும் கேட்காது.

அறிகுறி: டார்பிடோ புறப்படும் கணத்தில் இருப்பிடம் வெளிப்படுகிறது

குழாயில் நீர் நிரம்பும் கொப்பளிப்பு, முன்கதவு திறக்கும் முனகல், அழுத்தக்காற்றின் உதை என்று மூன்று ஒலிகள் அடுத்தடுத்து வரும்; எது கேட்டது என்பதைக் காலவரிசையில் பிரித்தால்தான் பயன். முதலிரண்டையும் முன்கூட்டியே, தொலைவில் இருக்கும்போதே, மெதுவாகச் செய்து முடிக்கலாம். மூன்றாவதற்கு வடிவமைப்பே மாற வேண்டும். போர்க்காலத்தில் காற்றுக் குமிழி மேலெழுந்து கண்ணுக்கே தெரிந்தது. ஜெர்மானியர் குழாய்க்குள் பிஸ்டன் வைத்துக் காற்றைத் தடுத்தனர், அமெரிக்கர் வால்வு ஒன்றைத் திறந்து காற்றையும் கொஞ்சம் நீரையும் கப்பலுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டனர். தன் மோட்டாரிலேயே நீந்தி வெளியேறும் டார்பிடோவுக்கு இந்த உதையே தேவையில்லை, பருமனான குழாயும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.

அறிகுறி: டார்பிடோ திரும்பி வருகிறது

காரணம் சுக்கானிலா, காதிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒரே பக்கமாக, மாறாத ஆரத்தில் வட்டமடித்தால் சுக்கானோ திசைகாட்டும் கைரோவோ சிக்கியிருக்கிறது. 1944 அக்டோபரில் தைவான் நீரிணையில் அமெரிக்காவின் டாங் கப்பல், தான் கடைசியாகச் சுட்ட மார்க் 18 டார்பிடோ வட்டமடித்துத் திரும்பியதில் மூழ்கியது. உயிர் பிழைத்தவர்கள் 9 பேர். அந்த டார்பிடோவுக்குக் காதே கிடையாது.

ஆரம் மாறிக்கொண்டே இருந்து, வளைவு ஓர் ஒலியை நோக்கி நெருங்கினால் அது கேட்டுத்தான் வருகிறது. எதைக் கேட்கிறது? டி-5க்கு எதிராக நேச நாட்டுக் கப்பல்கள், இணையாகப் பிணைத்த இரண்டு உலோகக் குழாய்களைப் பின்னால் இழுத்துச் சென்றன. நீரோட்டத்தில் அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பிய இரைச்சல் புரொப்பெல்லரைவிட உரக்கக் கேட்டது. ஃபாக்சர் என்ற அந்தப் பொறி இழுத்த கப்பலின் சோனாரையும் சேர்த்தே செவிடாக்கியது. பொறி எதுவும் அருகில் இல்லாமலும் டார்பிடோ வளைந்து வந்தால், அது கேட்பது சுட்ட கப்பலைத்தான். டி-5ஐச் சுட்டதும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உடனே 60 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, இயந்திரங்களை அடக்கி, பேச்சையும் நிறுத்திவிட வேண்டும் என்று கட்டளை இருந்தது. தன் டார்பிடோ வெடிக்கும் வரை, அல்லது மின்கலம் தீர்ந்து நிற்கும் வரை, கப்பலின் ஒவ்வொரு பம்பும் அதன் இலக்காகலாம்.